பந்துக்குச் சொன்ன சத்தியம்

தம்பிமாரே, இந்த வருடம் நம் உதைபந்தாட்டக் கழகத்தின் பின்வரிசைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். என் ஆழ்ந்த அனுதாபங்கள். கோல் போடுகிறவனுக்கு மாலை விழும். கோல்காப்பாளன் நிலத்தில் விழுந்து புரண்டால் சனம் சபாசு போடும். கோல் வாசலுக்கு முன்னால் புல்பாக் ஆக நிற்கிற நமக்கு விழுவது ஏச்சு மட்டுந்தான். ஆட்டம் முடியும்வரை ஒழுங்காய் நின்றால் நாம் அங்கே நின்றதே ஒருவருக்கும் தெரியாது. ஒரு தரம் கால் பிசகினால் போதும், நம்மைப் பெற்றவர்கள் யார், எந்தப் பகுதி என்பதெல்லாம் வேலியோரத்தில் அலசப்படும்.

என் விஷயத்தில் அலசுவதற்கு நிறையவே இருந்தது. அப்பா சுன்னாகத்தில் பிறந்து, மலாயா ரயில்வேயில் கிளாக்கராய்ப் போனவர். அங்கே அவர் கலியாணம் செய்தது என் அம்மாவை. அம்மாவின் தகப்பன் மலாக்காவில் இருந்த பழைய போர்த்துக்கேயப் பறங்கிக் குடும்பத்து ஆள். அம்மாவின் தாய் பினாங்குக்கு வந்து சேர்ந்த சயாம் தேசத்துப் பெண். ஆக நான் பிறக்கும்போதே எனக்குள் மூன்று தேசத்தார் குடியிருந்தார்கள். அவர்களுக்குள் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. சண்டை எல்லாம் வெளியில் நின்றவர்களுக்குத்தான்.

பந்து பழகியது மலாயாவில். அங்கே ரயில் எஞ்சின் ஓட்டிய ஒரு பஞ்சாபிக்காரர் எங்களைப் பழக்கினார். மலாய் மொழியில் ஏசுவார். கோபம் கூடினால் பஞ்சாபியில் ஏசுவார். அது விளங்காது, ஆனால் உறைக்கும். அவர் எனக்குச் சொன்னது ஒன்றுதான். "பந்தைப் பார்க்காதே மடையா. பந்தை எல்லாரும் பார்ப்பார்கள். பந்து இல்லாதவன் எங்கே நிற்கிறான் என்று பார். கோல் அவனிடமிருந்துதான் வரும்." இதை நான் மைதானத்தில் ஒரு நாளும் மறந்ததில்லை. மைதானத்துக்கு வெளியே நடந்ததைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

அப்பா அங்கேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். "என்ன நடந்தாலும் ஊருக்குப் போங்கோ, அங்கை எங்களுக்குக் காணி இருக்கு, சனம் இருக்கு" என்பது அவர் கடைசியாய்ச் சொன்னது. பாவம், நல்ல மனுசன். நம்பிக்கொண்டே செத்தார். நானும் அம்மாவும் சுன்னாகம் ஸ்டேசனில் வந்து இறங்கினோம். காணி இருந்தது, அதைச் சித்தப்பா உழுதுகொண்டிருந்தார். சனமும் இருந்தது. முதல் நாள் சித்தப்பா வீட்டில் எல்லாருக்கும் மூக்குப்பேணியில் தேத்தண்ணீர் வந்தது. வாய் படாமல் ஊற்றிக் குடிப்பதற்கு மூக்கு வைத்த வெண்கலப் பேணி அது. அம்மாவுக்கு மட்டும் தகரப் பேணியில் வந்தது. அம்மா அதைக் குடித்து முடித்து, தானே கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் கழுவி, வேலியில் கவிழ்த்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு அந்த ஊரில் யார் வீட்டிலும் அவள் தண்ணீர் கேட்டதில்லை. எந்த வெயிலிலும் கேட்டதில்லை.

எனக்கு வேலை கொடுத்தவர் சுருட்டு முதலாளி. சுன்னாகத்தில் அவருடைய சுருட்டுக்கொட்டில் பெரிது. அதைவிடப் பெரிது அவருடைய பந்துப் பைத்தியம். எங்கள் கழகத்தின் தலைவர், தனாதிகாரி, வாய் எல்லாம் அவரே. பந்துக்குச் சம்பளம் வாங்குவது அந்நாளில் யாழ்ப்பாணத்துக் கனவான்களுக்கு இழிவு. ஆகையால் நானும் வாங்கவில்லை. கொட்டிலில் கணக்கப்பிள்ளை என்று சொல்லி வாங்கினேன். கணக்கு எழுத வேறு ஒருவர் இருந்தார். சும்மா இருக்கிறவனுக்கு என்ன வேலை கொடுப்பது என்று யோசித்த முதலாளி, சுருட்டுச் சுற்றுகிறவர்களுக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டச் சொன்னார். கை சுற்றிக்கொண்டே இருக்க, காது உலகத்தைக் கேட்கும்; கொட்டில்களில் அது வழக்கம்.

மலாயாவில் இங்கிலீசு படித்தவன் நான். என் தமிழ் வாசிப்பு மாட்டுவண்டி பள்ளத்தில் இறங்குவது மாதிரி இருக்கும். முதல் நாளே கொட்டிலுக்குப் பின்னால் இருந்த தென்னோலைக் கிடுகு வேலிக்கு அப்பாலிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

"உது அப்பிடி இல்லை. திருப்பி வாசியுங்கோ."

சுற்றுகிறவர்கள் சிரித்தார்கள். நான் திருப்பி வாசித்தேன். அது முதலாளியின் ஒரே மகள் தங்கரத்தினம். பெண்கள் பள்ளிக்கூடத்தில் ரீச்சர். பள்ளிக்கூடம் போகமுன் அவள் வேலிக்கு அந்தப் பக்கம் பூப்பறிக்கிற நேரமும் நான் வாசிக்கிற நேரமும் ஒன்றாய் இருந்தன. தற்செயல் என்று நானும் நினைத்தேன். பூமரங்கள் மொட்டையான பிறகும் அவள் வந்து நின்றபோதுதான் கொஞ்சம் யோசித்தேன். மாதக்கணக்கில் அந்தக் குரல் என்னைத் திருத்தியது. என் தமிழ் நேராகியது. மற்றது எல்லாம் கோணலாகியது. முகத்தைக் கோயில் வீதியில் தூரத்தில் கண்டதோடு சரி. வேலியைத் தாண்டி உள்வளவுக்குள் போக எனக்கு அனுமதி இல்லை. கொட்டில் வேறு, வீடு வேறு என்பதில் முதலாளி வெகு தெளிவு. என் காலை நம்பிக் கோல் வாசலை ஒப்படைத்தவர், அந்தக் காலை வீட்டு வாசலில் வைக்க விடவில்லை.

சரி, கதைக்கு வருவோம். அந்த வருடம் கிண்ணத்துக்கான கடைசி ஆட்டம் எங்களுக்கும் நல்லூர்க் கழகத்துக்கும். நல்லூருக்குத் தலைவர் ஒரு பிரக்கிராசியார். கோட்டில் வழக்குப் பேசிச் சம்பாதித்தவர். வழக்கில்லாத நாளில் யாரோடாவது பேசாவிட்டால் அவருக்குச் சோறு செமிக்காது. ஆட்டத்துக்கு முந்திய கிழமை அவர் போட்டியை நடத்துகிற கமிற்றியில் ஆட்சேபம் கொடுத்தார். 'யாழ்ப்பாணத்தில் சொந்தபந்தம் உள்ளவர் மட்டுமே ஆடலாம் என்று சட்டம் இருக்கிறது. சுன்னாகத்தின் புல்பாக் பிறந்தது மலாயாவில். தாய் யாரென்று தெரியாது. அவர் ஆட முடியாது.'

இந்தச் சட்டத்தைக் கொண்டு வந்த புண்ணியவான் யார் தெரியுமோ? எங்கள் முதலாளிதான். போன வருடம் பட்டணத்துக் கழகம் ஒன்று கொழும்பிலிருந்து ஆள் இறக்கித் தோற்கடித்த கோபத்தில், மேசையில் குத்திக் குத்தி நிறைவேற்றிய சட்டம். அப்போது தன் சொந்தக் கொட்டிலில் மலாயாக்காரன் ஒருவன் பத்திரிகை வாசித்துக்கொண்டிருப்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை. நான் வென்று கொடுக்கும் நாளில் 'எங்கடை சுன்னாகத்தான்'. தோற்கிற நாளில்தான் 'மலாயன்'. அந்த வருடம் நாங்கள் தோற்கவே இல்லையே!

கமிற்றி ஒரு பிள்ளையார் கோயில் மடத்தில் கூடியது. என் சித்தப்பாவைச் சாட்சிக்குக் கூட்டி வந்திருந்தார் பிரக்கிராசியார்.

"உவர் உம்மடை தமையன்ரை மகனோ?"

சித்தப்பா என்னைப் பார்க்கவில்லை. மடத்துத் தூணைப் பார்த்துச் சொன்னார். "அண்ணை மலாயாவிலை என்ன செய்தார், ஏது செய்தார் எண்டு எங்களுக்கு ஒண்டும் தெரியாது ஐயா."

தமையன் மகன் என்று ஒத்துக்கொண்டால் காணியில் பாதி போய்விடும் என்பது மட்டும் அவருக்கு நன்றாய்த் தெரியும். என் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தை நீட்டினேன். பிறந்த இடம் மலாயா என்று அதில் அழகாய் எழுதியிருந்தது. பிரக்கிராசியார் அதைச் சந்தோசமாய் வாங்கிச் சபைக்குக் காட்டினார். எனக்கு வந்த எரிச்சலில் எழுந்து நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அப்பாவின் பெயரைச் சொல்லிக் கத்தியிருப்பேன். ஆனால் நான் பின்வரிசைக்காரன். பாய்கிறவனைச் சுலபமாய் வெட்டிக்கொண்டு போய்விடலாம் என்று எனக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். நீங்களும் இருங்கள். எதிராளி முதலில் காலை நீட்டட்டும்.

நீட்டியது எதிராளி அல்ல, முதலாளி.

"உவன் எங்கடை ஆள்!" என்று எழும்பினார். "சுன்னாகத்தான். எங்கடை சனம்!"

"அப்பிடியோ?" என்றார் பிரக்கிராசியார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி. "எங்கடை சனம் எண்டா, கொள்வினை கொடுப்பினை இருக்க வேணுமே. உவர் பொம்பிளை கேட்டு வந்தா உங்கடை மகளைக் குடுப்பியளோ?"

மடம் முழுவதும் சிரித்தது. முதலாளியின் காது சிவந்தது. சிரிப்பை மட்டும் அவரால் தாங்க ஏலாது.

"ஏன் குடுக்கமாட்டன்? குடுப்பன்!"

"வாய்ச்சொல்லு எதுக்கு? பிள்ளையார் பக்கத்திலைதானே இருக்கிறார். கற்பூரத்தை அணைச்சுச் சொல்லுங்கோ."

தம்பிமாரே, கோட்டில் பைபிளைப் பிடித்தோ புராணத்தைப் பிடித்தோ பொய்ச் சத்தியம் செய்து சிரித்துக்கொண்டு வெளியே வந்தவர்கள் நம் ஊரில் அனேகர். கற்பூரம் அப்படியல்ல. எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துப் பொய் சொன்னால் குடும்பம் விளங்காது என்று குழந்தைக்கும் தெரியும். முதலாளி பின்வாங்குவார் என்றுதான் பிரக்கிராசியார் கணக்குப் போட்டார். ஆனால் பிரக்கிராசியாருக்கு ஆசை வழக்கில்தான், கிண்ணத்தில் அல்ல, கிண்ணப் பைத்தியம் எப்படி இருக்குமென்று அறியார். முதலாளி விறுவிறென்று சந்நிதிக்குப் போனார். படீரென்று கற்பூரத்தின்மேல் கையை வைத்தார். "உவன் எங்கடை ஆள். பொம்பிளை கேட்டா என்ரை பிள்ளையைக் குடுப்பன். இது சத்தியம்!"

ஆட்சேபம் தள்ளுபடியாயிற்று. சித்தப்பா தூணைப் பார்ப்பதை விட்டு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்க நிற்கவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், "அந்த மனுசன்ரை கை சுட்டுதோ?" என்று கேட்டாள். சுட்டிருக்கும் என்றேன். "அப்ப கொஞ்சநாளைக்கு ஞாபகம் இருக்கும்" என்றாள்.

கொஞ்சநாளைக்குக்கூட இருக்கவில்லை.

ஆட்டம் யாழ்ப்பாணக் கோட்டையடி முற்றவெளியில். சுன்னாகத்துச் சனம் ரயில் நிறைய வந்திறங்கியது. எல்லாரும் வெறுங்காலோடு ஆடுகிற காலம். மலாயாவிலிருந்து நான் கொண்டுவந்த சப்பாத்தை முதல் வருடமே கழற்றி வைத்துவிட்டேன். போட்டுக்கொண்டு இறங்கினால் 'துரை வாறார்' என்பார்கள். கழற்றினால் நெருஞ்சி முள் குத்தும். முள் மேல் என்று தோன்றியது. முதற்பாதியில் ஆளுக்கொரு கோல். இடைவேளையில் முதலாளி இளநீரோடு வந்து என்னைத் தனியே கூப்பிட்டார். தேன் ஒழுகும் குரல்.

"தம்பி, ஒரு கதை. அண்டைக்குக் கோயிலடியிலை சொன்னது, அது பந்துக்குச் சொன்னது, கண்டியோ. மனசிலை ஒண்டும் வைச்சிருக்காதை. பிள்ளைக்குக் கொழும்பிலை ஒரு கிளாக்கரைப் பேசிக்கொண்டிருக்கிறன். நீ வடிவாய் விளையாடு. இந்தா, இளநி குடி."

வந்தது கோபமா, அழுகையா, எனக்கே தெரியாது. அப்பா செத்த அன்றுகூட எனக்கு அப்படி இருக்கவில்லை. இளநீரைக் குடிக்காமல் அவர் கையிலேயே கொடுத்தேன்.

"முதலாளி, அப்ப நான் உங்கடை ஆள் இல்லை."

"பந்து விளையாட நீ எங்கடை ஆள்தான்."

"சட்டத்திலை அப்பிடிப் பாதி ஆள் ஒண்டும் இல்லையே. நீங்கள் எழுதின சட்டம். சொந்தபந்தம் இல்லாதவன் விளையாடப்படாது. சட்டத்தை மீறி நான் எப்பிடி விளையாடுறது?"

மத்தியஸ்தரிடம் போய்க் கால் பிசகிவிட்டது என்று சொன்னேன். கோட்டுக்கு வெளியே போய், காலை மடித்துச் சப்பாணி கட்டிக்கொண்டு புல்லில் உட்கார்ந்தேன். சுன்னாகம் பத்துப் பேரோடு இறங்கியது.

இப்போது கவனியுங்கள், உங்களுக்குப் பொறுமை கற்பிக்கிற இடம் இதுதான். நான் இல்லாவிட்டால் மளமளவென்று கோல் விழும் என்று எதிர்பார்த்தேன். விழவில்லை. பத்துப் பேரும் பேய் பிடித்தவர்கள் மாதிரி ஆடினார்கள். எங்கள் கோல்காப்பாளன், வழக்கமாய்ப் பந்து வருகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் பாய்கிறவன், அன்றைக்கு எல்லாவற்றையும் பிடித்தான். முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நான் இல்லாமலே கழகம் நன்றாய் நடக்கும் என்று ஊர் முழுவதும் காணும்படி, நானே சிரமப்பட்டு நிரூபித்துக்கொண்டிருந்தேன்! எழும்பிப் போய், "பரவாயில்லை முதலாளி, விளையாடுறன்" என்று சொல்லிவிடக் கால் துடித்தது. சொல்லியிருந்தால் ஆயுள் முழுவதும் அந்தக் கொட்டிலில் பத்திரிகை வாசித்திருப்பேன்.

பிறகு நல்லூரின் முன்வரிசைக்காரன் ஒருவன் என் வெற்றிடத்தைக் கண்டுபிடித்தான். முதல் தரம் அடித்தது கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அடுத்த தரம் மயிரிழையில் வெளியே போயிற்று. முதலாளியின் சால்வை தோளிலிருந்து விழுந்தது. அதை எடுத்துக் கொடுக்க வந்தவர் யாரென்று நினைக்கிறீர்கள்? பிரக்கிராசியார். எதிரியின் பல்வலியை மோந்து பிடிக்கிற மூக்கு அவருக்கு.

"என்ன முதலாளி, உங்கடை சொந்தக்காரர் வெளியிலை குந்திக்கொண்டு இருக்கிறார்? காயம் காலிலையோ, கற்பூரத்திலையோ? சத்தியம் பொய்யெண்டா ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, கிண்ணத்தை நாங்கள் இப்பவே கொண்டு போறம்."

முதலாளி அவரைப் பார்த்தார், கோல் வாசலைப் பார்த்தார், கடைசியாய்த் தன் உள்ளங்கையைப் பார்த்தார். அங்கே கொப்புளம் இன்னும் காயவில்லை.

"கோதாரி! தம்பி, உள்ளுக்குப் போ! சொன்னது சொன்னதுதான்!"

"எது முதலாளி?"

"குடுப்பன் எண்டு சொன்னதடா! என்ரை பிள்ளையைக் குடுப்பன் எண்டு சொன்னது! போய்த் துலையன்!"

முற்றவெளி முழுவதும் கேட்டது. கோட்டைப் பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த மாடுகள்கூட நிமிர்ந்தன. என் கால் அந்த நிமிடமே சுகமாயிற்று. உள்ளே போய் என் இடத்தில் நின்றேன். அதற்குப் பிறகு நல்லூரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆட்டம் முடியும் தறுவாயில் எங்கள் முன்வரிசைக்காரன் ஒருவன், முழங்காலில் பட்டுத் தெறித்த பந்தால் ஒரு கோல் போட்டான். சனம் அவனைத் தூக்கிக்கொண்டு போனது. மாலையும் அவனுக்கே. நான் முள் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை கொட்டிலுக்கு மாப்பிள்ளை நடை நடந்து போனேன். சுற்றுகிறவர்கள் கேலி செய்தார்கள், நானும் மறுக்கவில்லை. பத்திரிகையை விரித்து வாசித்தேன். ஒரு பிழை விட்டேன். வேலிப் பக்கம் சத்தமில்லை. வேண்டுமென்றே இன்னொன்று விட்டேன். அதற்கும் இல்லை. ஆனால் கிடுகுக்கு அப்பால் சேலை அசைவது தெரிந்தது. கொட்டிலில் எல்லாக் கைகளும் நின்றுவிட்டன.

"பிழையோ?" என்று வேலியைப் பார்த்துக் கேட்டேன்.

"பிழைதான்."

"எந்த இடம்?"

"துவக்கத்திலையிருந்து." குரல் உயர்ந்தது. கோபத்தில்தான். "பிரக்கிராசியார் கேட்டவர். ஐயா குடுப்பன் எண்டவர். பிள்ளையாருக்குத் தெரியும், முற்றவெளியிலை நிண்ட மாட்டுக்கும் தெரியும். என்னை ஆர் கேட்டது? நான் என்ன, நீங்கள் எல்லாரும் இழுபட்டு வெண்டு கொண்டு வாற கிண்ணமோ?"

பந்து இல்லாதவன் எங்கே நிற்கிறான் என்று பார்க்கச் சொன்ன பஞ்சாபிக்காரர் அங்கே இருந்திருந்தால், இரண்டு மொழியிலும் ஏசியிருப்பார்.

"வேலிக்குள்ளாலை கேட்டா நான் மறுமொழி சொல்லன்" என்றாள். "படலையாலை வாங்கோ. வந்து கேளுங்கோ."

பத்திரிகையை மடித்து வைத்தேன். சுற்றிக்கொண்டு போய், அதுவரை தொடாத அந்தப் படலையைத் தள்ளி உள்வளவுக்குள் போனேன். முதலாளி வாசலில் நின்றார். கொப்புளத்தை ஊதிக்கொண்டு வழி விட்டார். தங்கரத்தினம் உள்ளே போய் மூக்குப்பேணி நிறையத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அந்த வீட்டார் குடிக்கிற பேணி.

"முதல் இதைக் குடியுங்கோ. பேந்து கேளுங்கோ. நான் ஏலாது எண்டு சொன்னாலும், நீங்கள் இந்த வீட்டிலை தண்ணி குடிச்சது குடிச்சதுதான். அதை ஒருதரும் பந்துக்குக் குடுத்தது எண்டு சொல்லேலாது."

குடித்தேன். பாதி சட்டையில் ஊற்றுண்டது. கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். யோசிக்கத் தை பிறக்கும்வரை எடுத்தாள். அதுவரை தினமும் பத்திரிகை வாசித்தேன். ஒரு பிழையை அவள் விட்டுத்தரவில்லை. தையில் ஓம் என்றாள்.

கலியாணத்தன்று முதலாளி வீட்டுப் பந்தலில் என் அம்மாவுக்கு முன்வரிசையில் இடம் போட்டிருந்தார்கள். பின்னால் ஒரு மூலையில் சித்தப்பா. தங்கரத்தினமே எழும்பிப் போய் அம்மாவுக்கு மூக்குப்பேணியில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அம்மா சித்தப்பாவை நன்றாய்த் திரும்பிப் பார்த்தாள். பிறகு அண்ணாந்து, ஒரு துளி சிந்தாமல் குடித்து முடித்தாள். பேணியை நீட்டி இன்னொரு தரம் கேட்டாள். அதையும் குடித்தாள். மீண்டும் நீட்டினாள். அவளுக்குத் தாகமே இருக்கவில்லை.